நான்கு வயர் ஸ்பீக்கரை உடைக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு இதழில், நுவரெலியாப் பக்கத்து ஹோட்டல்களில் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் பழைய வால்வு (ட்ரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) ரேடியோக்களைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் இந்தப் பெட்டிகளின் ஸ்பீக்கரில் காந்தம் எப்போதோ செத்துவிட்டது, இனிமேல் பாட வைக்க முடியாது என்று நடுவில் ஒரு வரி இருந்ததே, அதை மட்டும் என்னால் விட்டுவிட முடியவில்லை. அதே வரியைச் சொல்லித்தான் போன மாசியில் எங்கள் தோட்டத்துக்கு வந்த பழைய சாமான் வியாபாரி, ஒரு அருமையான 10 அங்குல ஸ்பீக்கரைச் செம்புக்காக உடைக்கப் போனார்.

நான் 31 வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ரோலர் மோட்டார், வாட்டும் தட்டின் காற்றாடி, ஸ்டார்ட்டர் என்பவைதான் தொழில். வால்வு, ரேடியோ எல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டது, மனைவியின் முணுமுணுப்புக்கு நடுவில்.

அந்த ஸ்பீக்கர் ஒரு பழைய கிளார்க் ஐயா வீட்டு மேஜை ரேடியோவில் இருந்தது. வீட்டைக் காலி செய்த பிள்ளைகள் பெட்டியோடு வெளியே வைத்துவிட்டார்கள். வியாபாரி ஸ்பீக்கரைக் கழற்றி, பின்பக்கத்து இரும்பில் ஒரு ஆணியை வைத்துக் காட்டினார். "பாருங்க ஐயா, ஆணிகூட ஒட்டல. காந்தம் செத்துப் போச்சு. உள்ளுக்குச் செம்பு நிறைய இருக்கு." செம்பு விலைக்கு மேலே 500 ரூபாய் கொடுத்து வாங்கி, குடைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நல்ல மழை. நான்தான் நனைந்தேன்.

ஆணி ஒட்டாததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்த ஸ்பீக்கரில் நிரந்தரக் காந்தம் என்று ஒன்று முதலில் இருந்தே கிடையாது. காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பி இருக்கிறது. அதில் கரண்ட் ஓடினால் காந்தம், நிறுத்தினால் வெறும் இரும்பு. பழைய டீசி மோட்டாரில் ஃபீல்ட் கொயில் இருக்கிறதல்லவா, அதேதான். பெயரும் அதேதான், ஃபீல்ட் கொயில். இன்றைக்கு நாம் பாவிக்கும் ஸ்பீக்கரின் மூத்த அண்ணன், 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இரண்டு எஞ்சினியர்கள் செய்தது, இந்த வகைதான். (அதே 1925 டிசம்பரில்தான் கொழும்பு வானொலியும் தொடங்கியது. எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.) 1930களில் அலுமினியம், நிக்கல், கொபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் வந்தது, உலகப் போர் முடிந்த பிறகு ஃபீல்ட் கொயில் மெல்ல மெல்ல மறைந்துபோனது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண ஸ்பீக்கருக்கு இரண்டு வயர். இதற்கு நான்கு, சிலவற்றில் ஐந்து. மீற்றரை ஓமில் வைத்துப் பாருங்கள். ஒரு சோடி இரண்டு மூன்று ஓம் காட்டினால் அது காகிதக் கோனை அசைத்துச் சத்தம் தருகிற வொய்ஸ் கொயில். இன்னொரு சோடி ஆயிரம், இரண்டாயிரம் ஓம் காட்டினால் அதுதான் ஃபீல்ட். என்னுடையது 1,200 ஓம். ஆனால் ஒன்று: ஸ்பீக்கர் முதுகிலேயே ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் ஏறி இருந்தால் அதன் வயரும் சில நூறு ஓம் காட்டி ஏமாற்றும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க முதலில் இரண்டு 12 வோல்ட் பட்டரியைத் தொடராகப் போட்டு 24 வோல்ட் கொடுத்தேன். 20 மில்லியம்பியர்தான் ஓடும். அதற்கே ஸ்க்ரூ டிரைவர் லேசாகப் பிடித்துக்கொண்டது. தங்கச்சி மகன் பக்கத்தில் நின்றான். வயரைக் கையால் எடுத்தவன் "ஆ" என்று துள்ளினான். "என்ன மாமா, 24 வோல்ட்டா இப்படி அடிக்குது?" இவ்வளவு சுற்றுள்ள கொயிலில் ஓடும் கரண்ட்டைத் திடீரென்று வெட்டினால் அது பல நூறு வோல்ட்டாகத் திருப்பி அடிக்கும். வாகனத்தில் இக்னிஷன் கொயில் செய்யும் வேலையும் அதுவே. அவன் கராஜில் வேலை செய்கிறவன், தெரிந்திருக்க வேண்டும்.

இனி அம்ப்ளிஃபயர். 12 வருடத்துக்கு முன்பு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் இங்கும் அங்குமாகச் சாமான் சேர்த்து நானே செய்தது. வால்வின் பெயரை ECC83 என்று ஆங்கிலத்தில் எழுதினால் பத்திரிகையில் அழகாக இராது என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்: முன்னுக்கு ஒரு ஈசீசீ 83, பின்னுக்கு ஒரு 6வி6, ஏசீயை டீசீயாக மாற்றும் ரெக்டிஃபயராக ஈசட் 80. நாலு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கென்று செய்தது. உள்ளே 270 வோல்ட், அதில் மிஞ்சும் துடிப்பை வடிகட்ட ஒரு சோக்.

அந்தக் காலத்து எஞ்சினியர்கள் கெட்டிக்காரர்கள். ஃபீல்ட் கொயிலுக்குக் கரண்ட் வேண்டும்; ரேடியோவின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட ஒரு சோக் வேண்டும். இரண்டும் இரும்பில் சுற்றிய செம்புதானே என்று, ஃபீல்ட் கொயிலையே சோக் ஆக்கிவிட்டார்கள். ரேடியோ குடிக்கும் கரண்ட் முழுவதும் ஸ்பீக்கரின் காந்தம் வழியாகப் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நானும் அப்படியே என் சோக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஃபீல்டை மாட்டினேன்.

பாட்டு வந்தது. ஆனால் பக்கத்து அறையில் பாடுவதுபோல வந்தது. மீற்றரை வைத்தால் 270 வோல்ட் இருந்த இடத்தில் 220. 1,200 ஓம் தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. வோல்ட் குறைந்ததால் 6வி6 இழுக்கும் கரண்ட்டும் குறைந்து, மொத்தமே 44 மில்லியம்பியர். கணக்குப் போட்டால் ஃபீல்டுக்குக் கிடைப்பது இரண்டேகால் வாட். இந்த அளவு ஸ்பீக்கருக்கு ஐந்தாறு வாட்டாவது வேண்டும். பழைய ரேடியோவில் ஐந்து வால்வின் கரண்ட்டும் அதன் வழியாகப் போனது. ரெக்டிஃபயரை விட்டால் என்னிடம் இருப்பது இரண்டு வால்வு. பாதிச் சோறு போட்டுவிட்டு முழு வேலை கேட்டால் எப்படி?

இதற்கு இரண்டு வேலை செய்தேன். கண்டியில் மோட்டார் வயின்டிங் செய்கிற ஒருவரிடம் வோல்ட் கூடிய புதிய பவர் ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றக் கொடுத்தேன், நடுவில் இருந்து இரண்டு பக்கமும் 325 வோல்ட் வருகிற மாதிரி. தண்ணீர்ப் பம்பு மோட்டார்களுக்கு நடுவில் என் வேலைக்கு இரண்டு வாரம் போனது. அப்புறம், ஃபீல்டுக்குப் பிறகு 265 வோல்ட் நிற்கிற இடத்தில் இருந்து சேசிசுக்கு (அடித்தகட்டுக்கு) 25 கிலோ ஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் போட்டேன். அவை சும்மா 21 மில்லியம்பியரைக் குடித்துச் சூடாகும், அவ்வளவுதான். வீண் செலவுபோலத் தெரியும். ஆனால் அந்த 21உம் ஃபீல்ட் வழியாகத்தானே வர வேண்டும்! இப்போது மொத்தம் 72 மில்லியம்பியர், ஃபீல்டின் குறுக்கே 86 வோல்ட், ஆறு வாட்டுக்குச் சற்று மேல். ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டே கொண்டுபோனால் கையில் இருந்து பிடுங்குகிறது.

அரை மணி நேரத்தில் ஸ்பீக்கரின் முதுகு இளஞ்சூடாகும். செம்பு சூடேறினால் அதன் ஓமும் ஏறும். நிறுத்தின கையோடு அளந்தபோது 1,200 ஓம் 1,390 ஆகி இருந்தது. இதனால் வோல்ட் கொஞ்சம் இறங்கும், பயப்பட ஒன்றும் இல்லை. தலவாக்கலைக் குளிருக்கு எங்கள் வீட்டுப் பூனை அந்தப் பெட்டியின் மேலே குடியேறிவிட்டது.

அடுத்தது வால்வையும் ஸ்பீக்கரையும் பொருத்தி வைக்கிற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர். இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வொய்ஸ் கொயில் மீற்றரில் 2.4 ஓம், அப்படியானால் உண்மையில் 3 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். என் ட்ரான்ஸ்ஃபோமர், 8 ஓம் ஸ்பீக்கரை 6வி6இன் கண்ணுக்கு 5,000 ஓமாகக் காட்டுவது. அதில் 3 ஓமைப் போட்டால் வால்வு பார்ப்பது 1,875 ஓம். சுமை பொருந்தாது, சத்தமும் குறையும், குரலும் கரகரக்கும். ஸ்பீக்கரோடு வந்த பழைய ட்ரான்ஸ்ஃபோமரைப் பாவிக்கலாம் என்று பார்த்தால், அதன் மெல்லிய கம்பி பச்சை பூத்து அறுந்து கிடந்தது. எங்கள் மலை ஈரத்தில் இதுதான் நடக்கும்.

சரி, இருப்பதையே மாற்றுவோம் என்று இரும்புத் தகடுகளைக் கழற்றினேன். நல்ல வேளை, தடித்த கம்பிச் சுற்று வெளிப்பக்கமாக இருந்தது. பேத்தியை உட்கார வைத்து, நான் ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கப் பிரிக்க எண்ணச் சொன்னேன். மொத்தம் 98 சுற்று. 3ஐ 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.61. அப்படியானால் 60 சுற்று போதும், மீதி 38ஐ வெட்டிவிட வேண்டும். "தாத்தா, இதுக்குத்தான் வர்க்கமூலம் படிக்கிறதா?" என்று கேட்டாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிறவள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

தகடுகளைத் திரும்ப அடுக்கும்போது ஒரு சின்னக் காகிதத் துண்டு மேஜையில் மிஞ்சியது. பொதி கட்டின காகிதம் என்று குப்பையில் போட்டுவிட்டேன். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். ஒற்றை வால்வு அம்ப்ளிஃபயரின் ட்ரான்ஸ்ஃபோமரில் டீசி கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு அதில் திகட்டிப் போகாமல் இருக்கத்தான் தகடுகளின் இரண்டு பகுதிக்கும் நடுவில் அந்தக் காகித இடைவெளி. அது இல்லாவிட்டால் தாழ்ந்த சத்தம் எல்லாம் செத்துவிடும்.

திரும்ப மாட்டி ஸ்விட்ச் போட்டதும் அம்ப்ளிஃபயர் ஊளையிட்டது. ட்ரான்ஸ்ஃபோமரில் இருந்து முதல் வால்வுக்குத் திரும்பி வருகிற ஃபீட்பேக் வயர் ஒன்று உண்டு. சுற்றுமுனை இரண்டையும் மாற்றிப் பிடித்துவிட்டேன். மாற்றிப் போட்டதும் அடங்கியது. சுற்று குறைந்ததால் திரும்பி வரும் பங்கும் குறைந்திருந்தது. அந்த ரெசிஸ்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்துகொண்டேன்.

ஊளை போனால் உறுமல். தேயிலை மலையில் குளவிக்கூட்டைக் கலைத்தால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. மூன்று நாள் தூக்கம் இல்லை. கண்டென்சரை மாற்றினேன், எர்த்தை மாற்றினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் டோர்ச் அடித்து ஸ்பீக்கரின் உள்ளே பார்த்தபோது, ஃபீல்டுக்கு முன்பக்கம் தடித்த கம்பியில் தனியாகச் சில சுற்று இருப்பது தெரிந்தது. யாரோ ஒரு காலத்தில் அதைத் துண்டித்து, வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறார்கள். அதுதான் உறுமலை அடக்கும் கொயில். ஃபீல்ட் வழியாகப் போகும் கரண்ட் முழுக்கத் தூய்மையானது அல்ல. 50 சைக்கிள் மின்சாரத்தை ரெக்டிஃபயர் செய்த 100 சைக்கிள் துடிப்பு அதில் கொஞ்சம் இருக்கும். அந்தத் துடிப்பு வொய்ஸ் கொயிலையும் அசைக்கும். அதே துடிப்பை அந்தச் சில சுற்றில் பிடித்து, வொய்ஸ் கொயிலோடு தொடராக எதிர்த்திசையில் கொடுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நேர்த்திசையில் கொடுத்துவிட்டால் உறுமல் இரட்டிப்பாகும். முதல் தடவை நான் அப்படித்தான் கொடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் பேத்தி காட்டிக்கொடுத்துவிடுவாள். வயரை மாற்றியதும் அறை அமைதியாகிவிட்டது. தூரத்தில் பதுளை ரயில் போவது கேட்டது.

இதை வாசித்துவிட்டு யாராவது அவசரப்பட்டு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆபத்தையும் எழுதுகிறேன். ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலேயே 350 வோல்ட் போகிறது. அதனால் பிளக்கின் குத்தி ஸ்பீக்கர் பக்கமும், குழி அம்ப்ளிஃபயர் பக்கமும் இருக்க வேண்டும். கழன்று விழுந்தால் கை படக்கூடிய இடத்தில் கரண்ட் நிற்கக் கூடாது. இன்னொன்று எனக்கே பிறகுதான் உறைத்தது. கரண்ட் குடிக்கும் ரெசிஸ்டர் ஃபீல்டுக்குப் பிறகு இருக்கிறது. யாராவது ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டால், ஃபீல்டுக்கு முன்னால் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் முதல் கண்டென்சருக்கு எந்தச் சுமையும் இல்லை. அது 460 வோல்ட் வரை ஏறி, ஸ்விட்சை அணைத்த பிறகும் இறங்காமல் காத்திருக்கும். அதனால் அந்தக் கண்டென்சரை 500 வோல்ட்டுக்கு உரியதாகப் போட்டு, அதன் குறுக்கே ஒரு 220 கிலோ ஓம், 3 வாட் ரெசிஸ்டரையும் வைத்தேன். அப்படி இருந்தும் மீற்றரால் பார்க்காமல் கை வைப்பதில்லை. ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாத, ஏசீ டீசீ இரண்டிலும் ஓடும் பழைய ரேடியோக்களின் பக்கமே போகாதீர்கள். அவற்றின் சேசிஸ் நேரே மின்கம்பியோடு தொடர்பில் இருக்கும்.

அம்ப்ளிஃபயரில் கை வைக்க விரும்பாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபோமர் போட்ட தனி சப்ளை ஒன்றில் இருந்து ஃபீல்டுக்கு வேண்டிய டீசியைக் கொடுத்துவிடலாம். எனக்கென்றால் 86 வோல்ட். நேர்மையாகச் சொன்னால் அதுதான் சுலபம். நான் பழைய வழியில் போனது கொஞ்சம் பிடிவாதத்தினால்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். தோல் வாத்தியத்தின் அடித்தொண்டை இதில் வராது. தாளத்தின் சலங்கையும் பாதிதான் வரும். ஆனால் மனிதக் குரலையும் நாதஸ்வரத்தையும் நான் வேறு எந்த ஸ்பீக்கரிலும் இப்படிக் கேட்டதில்லை. அந்த மெல்லிய காகிதக் கோனுக்கு நாலு வாட் தாராளம். முற்றத்தில் நின்றாலும் கேட்கும். கோனில் பூச்சி அரித்த இரண்டு ஓட்டையைத் தேநீர்ப் பைக் காகிதத்தையும் தண்ணீர் விட்டுக் கரைத்த பசையையும் வைத்து ஒட்டியிருக்கிறேன். தேயிலைக்காரன் வேறு எதை வைத்து ஒட்டுவான்?

எங்கள் அப்பா காலத்தில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ரேடியோ கிடையாது. தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுத்து ரேடியோ வைத்திருந்தவர் கிளார்க் ஐயாதான். சாயங்காலம் அவர் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைக் கேட்டதாக அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அது இதே பெட்டியா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஆனால் அந்த வீடு அதே வீடுதான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். கோயில் ஸ்டோர்களிலும் பழைய கிளப் கட்டடங்களிலும் இந்த மாதிரிப் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. ஆணி ஒட்டவில்லை என்று நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னால் வயர் எத்தனை என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சொந்த விண்ணப்பமும் உண்டு. எனக்கு இதற்குச் சோடியாக ஒன்று வேண்டும். 10 அங்குலம், ஃபீல்ட் 1,000 முதல் 1,500 ஓமுக்குள் இருந்தால் நல்லது. கோன் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை; கொயில் அறுந்திருக்கக் கூடாது. யாரிடமாவது இருந்தால் உங்கள் காரியாலயத்துக்கு ஒரு வரி எழுதட்டும். செம்பு விலைக்கு மேலே 1,000 ரூபாய் தருகிறேன், பஸ் செலவு தனி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்,
தலவாக்கலை.